வேலியோரக் கொடிக்குப் பல முகம்



லாயாங் லாயாங், குளுவாங் வட்டாரத் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு, வலைப்பைக்குள் தொங்கும் அந்தச் சின்ன மஞ்சள் பழத்தை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. மலாய்க்காரர்கள் அதை 'லெத்துப் லெத்துப்' என்பார்கள். அழுத்தினால் 'டப்'பென்று வெடிக்கும். தமிழில் சிறுபூனைக்காலி. கடையில் வாங்கும் பேஷன் பழத்தின் காட்டு உறவு. பிறந்த இடம் வெப்பமண்டல அமெரிக்கா. தென்கிழக்காசிய ரப்பர் தோட்டங்களில் மண் அரிக்காமலிருக்க இதை மூடுபயிராகப் படர விட்டார்கள். நம் தாத்தா பாட்டிகளோடு சேர்ந்து இதுவும் தோட்டத்தில் வேலை பார்த்த கொடிதான்!

ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று என்று நினைக்கிறோம். அப்படியில்லை. ஒரு கொடியின் இலை மூன்று மடலாகப் பிளந்திருக்கும். இன்னொன்றில் மடலே சரியாகத் தெரியாது. ரோமம் ஒன்றில் அடர்த்தி, ஒன்றில் குறைவு. பூ வெள்ளையாகவும் இருக்கும், ஊதா கலந்தும் இருக்கும். பழம் மஞ்சள், ஆரஞ்சு. சிவப்பாகப் பழுப்பதும் உண்டு. 1938-ல் கில்லிப் என்ற தாவரவியலாளர் இந்த ஓர் இனத்துக்குள் 37 வகைகளைப் பிரித்துக் காட்டினார். 2013-ல் வாண்டர்பிளாங்க் அவற்றில் சிலவற்றைத் தனி இனமாகவே ஆக்கிவிட்டார்.

ஏன் இவ்வளவு வேறுபாடு? சந்தைப் பழத்தை மனிதன் தேர்ந்தெடுத்து நட்டு ஒரே சீராக்கினான். இதை யார் தேர்ந்தெடுத்தார்? பறவை தின்று போட்ட இடத்தில் முளைக்கிறது.

பழத்தைச் சுற்றிய வலையும் அழகுக்கல்ல. பிசுபிசுப்பான ரோமத்தில் சிறு பூச்சிகள் ஒட்டிச் சாகும். அங்கே செரிமான நொதிகள் இருப்பதை இந்திய ஆய்வாளர்கள் 1995-ல் காட்டினார்கள்.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பச்சைக்காயிலும் இலையிலும் சயனைடை வெளிவிடும் பொருள் உண்டு. பட்டணத்துப் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து கண்டதைப் பறிப்பார்கள். கொடிக்குக் கொடி நிறம் மாறுவதால் "நிறம் வந்தால் தின்னலாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அந்தக் கொடியை அறிந்த பெரியவர் பறித்துக் கொடுக்கட்டும். களைக்கொல்லி அடித்த வேலியென்றால் பழுத்ததும் வேண்டாம்.

களைக்கொல்லி அடிக்குமுன் உங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஒருமுறை கணக்கெடுத்துப் பார்க்கலாமே! பத்துக் கொடி போதும். ஒரே கொடியில் அடியிலையும் நுனியிலையும் வேறுபடும்; அதனால் ஒவ்வொன்றிலும் நுனியிலிருந்து ஐந்தாவது இலையைப் பறித்து, நாளிதழுக்குள் வைத்து உலர்த்துங்கள். வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள். பூவின் நிறத்தைக் குறிக்க வேண்டுமானால் காலையிலேயே போய்விடுங்கள். நண்பகலுக்குள் மூடிவிடும்.