வரத்துக்காலில் தொடங்கும் நீர்ப்பாடம்

தமிழ்நாட்டில் ஏரி, குளம், கண்மாய் என்று சுமார் 39,000 நீர்நிலைகள் உள்ளன. ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. அதிலும் பெரும்பங்கு சில நாள் அடைமழையாகக் கொட்டித் தீர்க்கிறது. அந்தச் சில நாள் நீரைத் தேக்கி, அறுவடை வரை பயிருக்குக் கொடுக்கவே இத்தனை ஏரிகளும் அமைந்தன. இன்று பட்டம் பெறும் பொறியாளர்களும் வேளாண் பட்டதாரிகளும் எந்த ஊருக்குப் பணிக்குச் சென்றாலும் முதலில் எதிர்ப்படுவது இந்த மழைக் கணக்குதான்.

ஏரி தனித்து நிற்பதில்லை. மேட்டுநில நீர்ப்பிடிப்பு, அங்கிருந்து நீர் கொண்டுவரும் வரத்துக்கால், கரை, வயலுக்குத் திறக்கும் மதகு, நிறைந்தபின் உபரி வழியும் கலிங்கு, அந்த உபரியை வாங்கிக்கொள்ளும் அடுத்த ஏரி என்று அது நீண்ட தொடர். வரத்துக்கால் தூர்ந்தால் நல்ல மழையிலும் ஏரி நிரம்பாது. கலிங்குக்குக் கீழே மனை போட்டால் அதே மழையில் ஊர் மூழ்கும். சென்னை 2015 டிசம்பரில் வெள்ளத்தில் தவித்தது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. நான்கே ஆண்டு இடைவெளியில் நேர்ந்த இவ்விரண்டுக்கும் மழையை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமில்லை. தியாகராய நகர் எழுந்தது மாம்பலம் ஏரி இருந்த நிலத்தில். வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். நகரின் வரைபடத்தைப் படிக்கும் மாணவர் பழைய ஏரிக்கரைகளையும் சேர்த்துப் படித்தால்தான் மழைநீர் எந்தத் தெருவைத் தேடி வரும் என்பது விளங்கும்.

பழைய கட்டுமானத்தில் பொறியியல் வகுப்புக்கு உரிய நுட்பங்கள் நிறைய உண்டு. பாண்டிய நாட்டுக் கண்மாய்களின் குமிழித் தூம்பு அவற்றில் ஒன்று. கரையிலிருந்து சற்று உள்ளே, நீருக்கு நடுவே இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றின் அடியில் ஒரு கல்தொட்டி. தொட்டியின் மேல்மூடியில் உள்ள துளை நீரோடி. கீழே பக்கவாட்டில் உள்ள சிறு துளைகள் சேறோடி. மூடியிருக்கும் கல்லைத் தூக்கினால் மேல்துளை வழியே தெளிந்த நீரும் கீழ்த்துளைகள் வழியே வண்டல் கலந்த நீரும் தொட்டிக்குள் இறங்கி, கரைக்கு அடியில் ஓடும் சுருங்கை வழியாக வயலைச் சேரும். பாசனம் நடக்கும்போதே வண்டலில் ஒரு பகுதி வெளியேறி வயலுக்கு உரமாகிவிடும்.

கல்லும் மண்ணும் மட்டும் ஏரியைக் காப்பதில்லை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. அண்மைக்காலம் வரை பல ஊர்களில் நீர்க்கட்டி எனப்பட்டவர் மடை திறந்து, கடைமடை வயலுக்கும் முறைவைத்து நீர் பாய்ச்சினார். கூலியாக அறுவடைக் களத்தில் நெல் பெற்றார். குடிமராமத்தில் ஊரே கூடித் தூர் வாரியது. ஆழ்துளைக் கிணறு வந்ததும் ஏரியை நம்பாமலே பயிர் செய்ய முடிந்தது. ஏரியைப் பேணும் அக்கறையும் குறைந்தது. ஆனால் ஏரியில் நின்று மண்ணுக்குள் இறங்கும் நீர்தான் சுற்றுவட்டாரக் கிணறுகளையும் ஊற வைக்கிறது. இந்தத் தொடர்பைப் பாடநூல்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

நகர மாணவருக்கு வீட்டுக் கூரையே செய்முறைக்கூடம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் சென்னையில், 100 சதுர மீட்டர் மாடியில் விழுவது 1,40,000 லிட்டர். கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-இல் கட்டாயமாக்கியது. மாடி நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழியின் மணலும் ஜல்லியும் தூசியால் அடைத்துக்கொண்டால் அந்த நீர் சாக்கடைக்கே போகும்; ஆகையால் ஆண்டுதோறும் புரட்டாசிக்குள் மாடியைப் பெருக்கி, குழாயின் வாயிலுள்ள சருகை அகற்றி, குழியின் மேலடுக்கு மணலை அள்ளிக் கழுவிப் போடுவது அவசியம்.