பந்தும் மனமும்



பீடோங்கிலும் சுங்கை பட்டாணியிலும் கோல்ப் திடல்கள் உள்ளன. துரைமார் விளையாட்டு என்று நாம் ஒதுங்கிய காலம் போய், நம் பிள்ளைகளும் இன்று பந்தயத்திற்குப் பெயர் கொடுக்கிறார்கள். ஆனால், பயிற்சியில் நன்றாக அடிக்கும் பிள்ளை பந்தய நாளில் தடுமாறுகிறான். கை அதே கைதான். கோளாறு எங்கே?

18 குழிகளை ஆடி முடிக்க நான்கு மணி நேரம் ஆகும். 80 அடி அடித்தாலும் கோலை வீசும் நேரம் மொத்தம் நான்கைந்து நிமிடந்தான். மீதியெல்லாம் நடை. போன குழியில் விட்ட பிழையும் எதிரே வரப்போகும் குளமும் அந்த நடையில்தான் மனத்திற்குள் புகுகின்றன.

அமெரிக்கரான பாபி ஜோன்ஸ் பரிசுப் பணம் வாங்காமலே பந்தயம் ஆடியவர். 1921-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலில் மணற்குழியில் சிக்கிய பந்தை எடுக்க முடியாமல், ஆத்திரத்தில் ஆட்டத்தையே கைவிட்டார். அப்போது வயது 19. அவரே 1925 அமெரிக்க ஓப்பன் பந்தயத்தில், பந்து இம்மியளவு அசைந்ததைத் தாமே சொல்லி, ஓர் அடியைத் தம் கணக்கில் கூட்டிக்கொண்டார். வேறு எவரும் அதைப் பார்க்கவில்லை. முடிவு சமநிலையாகி, மறு ஆட்டத்தில் தோற்றார். 1930-இல் நான்கு பெரும் பந்தயங்களையும் ஒரே ஆண்டில் வென்றார். எனக்கு அந்த ஓர் அடிதான் பெரிதாகத் தெரிகிறது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கோல்ப் பை சுமந்து ஆட்டம் கற்ற இந்தியர் பாப்வா சேவ்கோலம். கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவர் கூலிகளாகப் போன நாடு அது. 1963-இல் நேட்டால் ஓப்பன் பந்தயத்தை வென்றவரை, நிறவெறி காரணமாகக் கட்டடத்திற்குள் விடாமல், கொட்டும் மழையில் வெளியே நிறுத்திக் கோப்பையைக் கொடுத்தார்கள். 1965-இல் அதே பந்தயத்திற்கு மறுபடியும் வந்து, புகழ்பெற்ற கேரி பிளேயரையே வென்றார்.

பால்மரம் வெட்டிய பெரியவர்களைக் கேளுங்கள். ஒரு மரத்தில் கத்தி ஆழமாக இறங்கிக் காயம் பட்டுவிட்டால், அதையே நினைத்தபடி போகிறவருக்கு அடுத்த மரத்திலும் கை தவறும். கோல்பிலும் அப்படியே. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் ஒரே ஒழுங்கைக் கடைப்பிடிக்கட்டும்: பந்துக்குப் பின்னால் நின்று இலக்கைப் பார்த்து, ஒருமுறை வெறுமனே வீசி, மூச்சை விட்டு, அடிக்கட்டும். அடி பிசகினால், அடுத்த அடிக்கு நடக்கும்போது கூட ஆடுபவரிடம் வேறு ஏதேனும் பேசட்டும். மொத்தக் கணக்கைக் கடைசிக் குழிக்குப் பிறகு கூட்டினால் போதும்.

பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளை வீடு திரும்பியதும் வாசலிலேயே "எத்தனை அடி?" என்று கேட்காதீர்கள். சோற்றைப் போடுங்கள், சாப்பிட்டுவிட்டு அவனே சொல்லுவான்.