பழம்புகழும் புதுநாதமும்

புகழ் தந்த பாணியைக் கலைஞன் துறக்கலாமா? இங்கிலாந்தின் ரேடியோஹெட் குழுவினரை முன்வைத்து நாம் இதனைச் சிந்திப்போம். 1997இல் வெளிவந்த ‘ஓகே கம்ப்யூட்டர்’ இசைத்தொகுப்பு, கிதார் ஓங்கிய பாடல்களால் அவர்களை உலகறியச் செய்தது. அதனையே மறுமுறை படைத்திருப்பின் ரசிகர் மகிழ்ந்திருப்பர். அவர்களோ 2000ஆம் ஆண்டின் ‘கிட் ஏ’ தொகுப்பில் கிதாரைப் பின்தள்ளி, மின்னணுக் கருவிகளை நாடினர். பாடகர் டாம் யார்க்கின் குரலும் ஆங்காங்கே உருத்திரிந்து, ஒரு வாத்தியமாகவே ஒலிக்கிறது. ‘ட்ரீஃபிங்கர்ஸ்’ என்னும் பகுதியிலோ சொல்லும் இல்லை, தாளமும் இல்லை; உருமாற்றப்பெற்ற கிதாரின் நாதம் மூடுபனியெனப் படர்கிறது. ஆலாபனையில் தோய்ந்த நமக்கு இது முற்றிலும் அயலன்று.

சில விமர்சகர் கடிந்தனர். எனினும், விளம்பரத்துக்கெனத் தனிப்பாடல் எதுவும் வெளியிடாமலே, அத்தொகுப்பு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனையில் முதலிடம் பெற்றது. கேட்போர் பழகியதை மட்டுமே விரும்புவர் என்று எண்ணுவது, அவர்களைக் குறைத்து மதிப்பதாகும்.