களவும் கற்பும் டொனேசனும்



காதலும் கலியாணப் பேச்சும் தலைமுறைதோறும் எங்ஙனம் மாறி வந்தன என்பது பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்திருக்கிறீர்கள். தலைப்பைக் கேட்டதும் முன்வரிசைப் பெரியோர் சிலரின் முகத்திற் கவலையும், பின்வரிசைத் தோழர்களின் முகத்தில் வேறொன்றும் தோன்றக் காண்கிறோம். ஆணும் பெண்ணும் சந்திக்கும் வழி பெரிதும் மாறியிருக்கிறது. கலியாணப் பேச்சிற் கணக்குப் பார்க்கும் வழியோ அவ்வளவு மாறவில்லை. இதனையே இரு வரிசையாருக்கும் சொல்ல வந்தோம்.

முன்னைய காலத்திற் காதலென்பதே கிடையாது என்று சொல்வோர் உளர். தொல்காப்பியப் பொருளதிகாரத்திற் களவியல் முன்னும் கற்பியல் பின்னுமாக நிற்கின்றன. அந்தப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885ஆம் ஆண்டில் அச்சேற்றியவர் எமது சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். களவு என்றதும் திருட்டுத்தனம் என்று எண்ணிவிடலாகாது. ஊரறியாமல் தொடங்கிய அன்பு ஊரறிய மணமாதல் வேண்டும் என்பதே அதன் போக்கு. தலைவியின் மனத்தைத் தோழி அறிந்து, ஏற்ற சமயத்திற் செவிலித்தாய்க்கு எடுத்துரைப்பாள். அதற்கு ‘அறத்தொடு நிற்றல்’ என்று பெயர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும் அத்தகைய ஓர் எடுத்துரைப்பே.

மடலேறுதல் என்ற வழக்கையும் இவ்விடத்தில் நினைக்க வேண்டும். மணம் கைகூடாத தலைவன் பனங்கருக்கினாற் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை சூடி, நடுத்தெருவிலே அதன்மேல் ஏறி வருவான். பெண்ணுக்கு அது விலக்கப்பட்டது. ஊர் சிரிக்குமாயின் ஆணைப் பார்த்தே முதலிற் சிரிக்கும். இன்று ஒரு காதல் முறிந்தால், கைத்தொலைபேசியிலுள்ள படத்தை ஊரெல்லாம் அனுப்பிப் பெண்ணைத் தலைகுனியச் செய்யும் ஆண்மகன் இருக்கிறான். பனைக்குப் பஞ்சமில்லாத யாழ்ப்பாணத்தில் நாணத்தை எவர் சுமப்பது என்ற முறை மட்டும் தலைகீழாய்ப் போயிற்று!

சமயத்தை எடுத்துக்கொண்டாலும் அப்படியே. தெய்வானையம்மையைக் கற்புமணத்தாலும் வள்ளியம்மையைக் களவுமணத்தாலும் கொண்ட பெருமானை இருவரோடும் ஒருங்கே வணங்குகிறோம். கதிர்காமத் திருவிழாவிற் பெருமான் எழுந்தருளுவது வள்ளியம்மை கோயிலுக்கே. அப்பெருமானின் வீதியிலேதான் எமது அம்மம்மாமாரைப் பெண் பார்த்தார்கள். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளில் ஒருநாள், தாயோடு கும்பிட வந்த பெண்ணை மாப்பிள்ளை வீட்டார் தேரடியில் நின்று பார்த்துவிட்டுப் போவர். பெண்ணுக்கு அது பின்னரே தெரியவரும். தரகர் முன்னரே சாதகக் கட்டோடு வந்து பொருத்தம் பார்த்திருப்பார். மாப்பிள்ளை அரசாங்க உத்தியோகத்தராயின் மற்றப் பொருத்தங்கள் தாமே பொருந்திவிடும் என்பது வேறு கதை. பெண்ணின் மௌனம் சம்மதமாயிற்று.

நாம் மிஷன் பாடசாலையிற் படித்தவர்கள். ஆதியாகமத்தில் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்குக்குப் பெண் தேட வேலைக்காரனை அனுப்பிய கதையை அங்கே கேட்டிருக்கிறோம். அதுவும் தரகர் கலியாணமே. ஆனால் அங்கே வீட்டார் ரெபெக்காளை அழைத்து, இம்மனிதனோடு போகிறாயா என்று கேட்கிறார்கள். அவள் தன் வாயால் விடை சொல்கிறாள். பேசிச் செய்யும் கலியாணத்தை நாம் குறை கூறவில்லை. கேளாமற் செய்வதையே குறை கூறுகிறோம்.

எமது பெற்றோர் காலம் யுத்த காலம். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு இரயில் நின்றது. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமற் போயின. கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்த மாப்பிள்ளைமாருக்குப் படங்கள் சென்றன, படங்கள் வந்தன. படத்தைப் பார்த்து ‘ஓம்’ என்று சொல்லி, முன்பின் பேசியறியாத ஒருவரை நம்பிக் கடல் கடந்த பெண்கள் எத்தனை பேர்! அவர்களின் துணிவை எவரும் போதியளவு பாராட்டவில்லை என்பது எமது எண்ணம்.

எம் காலத்தில் ரியூசன் கொட்டகையிலும் பல்கலைக்கழகத்திலும் அறிமுகம் உண்டாகிறது. பேச்சு வாட்ஸ்அப்பில் வளர்கிறது. முதலில் ‘எழுத்து’ வைத்து, தாலி கட்டும் நாள்வரை இருவரும் பகிரங்கமாய்ப் பழகுவதையும் பல வீடுகள் ஏற்றுக்கொண்டுவிட்டன. பெரியோரே, இது நீங்கள் அஞ்சும் அளவுக்குப் புதிய உலகமன்று.

நாம் அஞ்சுவது வேறொன்றுக்கு. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் வடித்த தேசவழமையிலே, தாய்வழி மகளுக்கு இறங்கும் பெண்ணின் சொத்தாகச் சீதனம் நின்றது. அவளுக்கு அது ஓர் அரண். பின்னர், 1911ஆம் ஆண்டின் சட்டம் மனைவி தன் நிலத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென விதித்தது. அரணின் திறப்பு மற்றவர் கைக்குப் போயிற்று. இவற்றுக்கு மேலாக, மாப்பிள்ளையின் பெற்றோர் கைக்குக் காசாகச் செல்லும் ‘டொனேசன்’ என்றொன்று இருக்கிறது. நன்கொடைக்குரிய ஆங்கிலச் சொல்லை இதற்கு இட்டவர் நல்ல நகைச்சுவைக்காரராயிருத்தல் வேண்டும்.

மூன்று வருடம் காதலித்த வாலிபன், வீட்டார் டொனேசன் பேசும்போது மட்டும் திடீரெனப் பெற்றோர் சொற்கேட்கும் பிள்ளையாகி விடுகிறான். “எனக்கொன்றும் வேண்டாம், அம்மாவுக்குத்தான்” என்கிறான். களவிற் சுதந்திரம், கற்பிற் கீழ்ப்படிவு! காசு போதாதபோது சாதியும் சாதகமும் துணைக்கு வருகின்றன. தோழர்களே, பனங்கருக்கில் ஏறும்படி உங்களை எவரும் கேட்கவில்லை. பெண் வீட்டார் வந்திருக்கும்போதே, “டொனேசன் வேண்டாம் அப்பா” என்று ஒருமுறை வாய்திறந்து சொல்ல முடியுமா?

“அப்படியானால் உன் தங்கச்சியின் கலியாணத்துக்கு எங்கே போவது?” என்று தந்தையார் கேட்பார். அது பேராசைக் கேள்வியன்று. மகனுக்கு வாங்குவது மகளுக்குக் கொடுக்கவே என்ற வீடுகள் எம் ஊரிற் பல. தங்கச்சியும் இன்று படித்து உழைக்கிறாள் என்பது பாதி விடை. மீதிப் பாதி, கொடுத்தும் வாங்கியும் அனுபவப்பட்ட பெரியோரிடமே இருக்கிறது. இனிவரும் கேள்வி நேரத்தில் அதை நீங்கள் சொல்ல நாம் கேட்க விரும்புகிறோம்.