கிரீந்திரசேகர் போஸ்: கடிதங்களுக்கு அப்பால்

சாந்த்ராகாச்சியில் தமிழில் நிகழும் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு ஒரு வங்காள உளவியல் ஆய்வாளரின் கல்விப்பணியைப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். நமக்கும் கல்கத்தாவுக்கும் நடுவே ஹூக்ளி ஆறு ஒன்றுதான் குறுக்கே கிடக்கிறது. அக்கரையில், ராஜாபஜார் அறிவியல் கல்லூரியைச் சுற்றிய சில தெருக்களுக்குள்தான் கிரீந்திரசேகர் போஸின் (1887–1953) ஆய்வு வாழ்க்கை பெரும்பாலும் கழிந்தது. அவரைப் பற்றிப் பேச்சு வந்தால், ‘ஃப்ராய்டோடு கடிதத் தொடர்பு வைத்திருந்த இந்தியர்’ என்ற அறிமுகத்தோடு நிறுத்திக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அந்தக் கடிதங்களின் வெளிச்சமே அவருடைய ஆய்வை மறைத்துவிட்டது என்பது என் கருத்து. ஃப்ராய்டின் வியன்னா அவரை ஏற்றதா, இல்லையா என்பது இரண்டாவது கேள்வி. தம் முன்னே அமர்ந்த நோயாளிகளிடம் அவர் எதைக் கண்டார், அதைக்கொண்டு எந்தக் கோட்பாட்டைத் திருத்தினார் என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

இந்தியாவில் உளவியலுக்கென்று எழுந்த முதல் பல்கலைக்கழகத் துறை கல்கத்தாவில் 1916இல் தொடங்கியது. ஹார்வர்டில் ஹூகோ மூன்ஸ்டர்பெர்க்கிடம் பயின்று திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா அதன் தலைவர். புலனறிவையும் கவனத்தையும் கருவிகளால் அளக்கும் சோதனை உளவியல்தான் அங்கே முதலிடம் பெற்றது. போஸோ 1910இல் மருத்துவப் பட்டம் பெற்றுத் தொழில் நடத்திக்கொண்டிருந்தவர். மனநோயாளிகளுக்கு அறிதுயில் முறையில் சிகிச்சை அளித்து வந்தவர், இந்தப் புதிய துறையில் மாணவராகச் சேர்ந்து 1917இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1921இல் முனைவர் பட்டமும் பெற்றார். மன ஒடுக்கத்தைப் பற்றிய அந்த ஆய்வேடு அதே ஆண்டில் ஆங்கில நூலாக வந்தது. அதன் படி ஒன்றைத்தான் ஃப்ராய்டுக்கு அனுப்பினார். இந்த வரிசையை நாம் மனத்தில் வைக்க வேண்டும். நோயாளிகளைக் கவனித்தது முன்னே, நூல் அடுத்து, கடிதம் கடைசி. 1922இல் போஸ் தொடங்கிய இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் அதே ஆண்டு பன்னாட்டு உளப்பகுப்பாய்வுச் சங்கத்தில் இணைந்தது. சென்குப்தா லக்னோவுக்குச் சென்றபின், 1929 முதல் இருபது ஆண்டுகள் கல்கத்தாத் துறையைப் போஸ் நடத்தினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியலுக்குத் துறை அமைந்தது 1943இல்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், அவர் எவ்வளவு முன்னால் நின்றார் என்பது விளங்கும்.

அவருடைய மையக் கருத்து ‘எதிர் விருப்பம்’. மனத்தில் எழும் ஒவ்வொரு விருப்பத்துக்கும் நேர் எதிரான விருப்பம் ஒன்று கூடவே இருக்கிறது என்றார். அடிக்க விரும்புகிறவனிடம் அடிபடும் விருப்பமும் உண்டு. முன்னது நனவில் நிற்கும்போது பின்னது நனவிலியில் ஒளிந்திருக்கும். ஆகவே ஒடுக்கம் என்பது வெளியிலிருந்து ஒரு காவல்காரன் வந்து விருப்பத்தை அடக்குவதால் நேர்வதன்று. இரண்டு விருப்பங்கள் ஒன்றையொன்று தடுப்பதால் நேர்வது. சிகிச்சை முறையும் இதிலிருந்தே பிறந்தது. தந்தையின் மேல் தீராத சினம் கொண்ட ஒருவர் வந்தால், அவரைத் தந்தையைத் தாக்குகிறவராகக் கற்பனை செய்யச் சொல்வார். பிறகு தாக்கப்படும் தந்தையாகவே தம்மைக் கற்பனை செய்யச் சொல்வார். சீசாப் பலகை ஏறி இறங்குவதுபோல இந்த இரு நிலைகளும் மாறி மாறி வரும். மறைந்திருந்த பக்கம் மெல்ல மேலே வரும். இதே பாதையில் போய்த்தான் அவர் ஃப்ராய்டோடு மோதினார். ஆண்மையிழப்பைப் பற்றிய அச்சத்தால் சிறுவன் தந்தையின் அதிகாரத்துக்கு அடங்க, தாயை நாடித் தந்தையைப் போட்டியாளராகக் காணும் ஈடிபஸ் விருப்பம் அங்கே கரைகிறது என்றார் ஃப்ராய்ட். தம்மிடம் வந்த ஆண்களிடம் அந்த அச்சம் அவ்வளவு வலுவாக இல்லை, பெண்ணாக இருக்கும் விருப்பமே எளிதில் வெளிப்படுகிறது, அச்சத்தின் அடியில் இருப்பதும் அதுவே என்று போஸ் எழுதினார். 1929இல் தம் கட்டுரைகளைத் தொகுத்து ஃப்ராய்டுக்கு அனுப்பியபோது இந்த மாறுபாட்டை அவர் மறைக்கவில்லை. இந்திய நோயாளிகளிடம் காணப்பட்ட வேறுபாடு தம் மனத்தில் பதிந்ததாகவும், எதிர் விருப்பத்தைப் பற்றி அவசரப்பட்டு முடிவுக்கு வர இயலாது என்றும் ஃப்ராய்ட் பதில் எழுதினார்.

போஸின் முடிவுக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. போஸிடம் வந்தவர்கள் யார்? பெரும்பாலும் படித்த, வசதியுள்ள, மேல்சாதி வங்காள இந்து ஆண்கள். அவர்களை வைத்து ‘இந்திய மனம்’ என்று பேசுவது அளவை மீறிய துணிவு. கேட்டதையும் கண்டதையும் பிறர் சரிபார்க்கும்படி முழுமையாக அவர் பதிப்பித்ததும் குறைவு. இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த அளவுகோலை வியன்னாவுக்கும் பிடிக்க வேண்டும். ஃப்ராய்டின் நோயாளிகளும் பெரும்பாலும் ஒரு வகுப்பைச் சேர்ந்தவர்கள்தாம். அந்த முடிவுகள் மனித குலம் முழுமைக்கும் பொருந்தும் என்று சொல்லப்பட்டன. வங்காளத்திலிருந்து ஒருவர் ‘இங்கே அப்படிக் காணவில்லை’ என்று எழுதியபோது, பொதுவிதி என்று கருதப்பட்டது உள்ளூர் வழக்கமாகவும் இருக்கலாம் என்ற ஐயம் பிறக்க இடம் உண்டாயிற்று. அவருடைய முடிவு தவறாகவே இருந்தாலும், இந்த ஐயத்தைச் சான்றோடு எழுப்பியது ஆய்வுதான்.

அவர் தொடங்கிய சங்கத்தின் உள்ளேயே இதற்கு ஒப்பீடு கிடைக்கிறது. ஆங்கில உறுப்பினர்களில் ஒருவரான ஓவன் பெர்க்லி-ஹில், ராஞ்சியில் ஐரோப்பியர்களுக்கான மனநல மருத்துவமனையை நடத்தியவர். இந்துக்களின் சமயமும் தத்துவமும் குணமும் குதவழி இன்ப வேட்கையிலிருந்து எழுந்தவை என்று அவர் 1921இல் கட்டுரை எழுதினார். கோட்பாடு ஒன்றுதான். பெர்க்லி-ஹில் அதைக் கேள்வி கேட்காமல் எடுத்து, ஆளப்படும் மக்களை அளந்து குறைபாடு கண்டார். போஸ் அதே மக்களின் அனுபவத்தை எடுத்து, கோட்பாட்டில் குறைபாடு கண்டார். போஸின் கருத்து இந்துத் தத்துவத்தின் சாயல் படிந்தது, அதனால் அறிவியலாகாது என்போர் இந்த இரண்டாவது செயலைக் கவனிக்க வேண்டும். கீதைக்கு உரையும் புராணங்களைப் பற்றி நூலும் அவர் எழுதியது உண்மை. ஆனால் ஒரு கருத்து எந்தப் பண்பாட்டில் முளைத்தது என்பதைக்கொண்டு அதன் உண்மையை எடைபோட முடியாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

சோதிக்கப்படவில்லை என்பதுதான் எனக்குள்ள வருத்தம். 1933இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில், பொது மருத்துவமனைக்குள்ளேயே மனநோய்ப் பிரிவு தொடங்கக் காரணமானவர் அவர். 1940இல் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை எழுந்தது. 1947இல் ‘சமீக்ஷா’ என்ற ஆய்விதழ் பிறந்தது. கனவைப் பற்றி ‘ஸ்வப்ன’ என்ற நூலை வங்காளத்தில் எழுதினார். எறும்புகளின் போரைச் சொல்லும் ‘லால் காலோ’ என்ற சிறுவர் நூலும் அவருடையது. நோயாளி, கருவி, இதழ், மாணவர், தாய்மொழி வாசகர் எல்லாம் ஒரே ஊரில் ஒன்று கூடிய அரிய வாய்ப்பு அது. இருந்தும், பெண்ணாகும் விருப்பம் எளிதில் வெளிப்படுவது வங்காளக் குடும்ப அமைப்பாலா, கூட்டுக்குடும்பத்தில் தாயோடு நெடுநாள் ஒட்டியிருப்பதாலா, போஸின் சிகிச்சை முறையே அதைத் தூண்டியதாலா என்று பிரித்தறியும் ஆய்வு தொடர்ச்சியாக நடக்கவில்லை. எந்த நிலையைக் கற்பனை செய்ய வேண்டும் என்று மருத்துவரே சொல்லும் முறையில், கிடைக்கும் விடையில் மருத்துவரின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி இயல்பாக எழும். ‘சமீக்ஷா’வின் பழைய தொகுதிகளையும் 1921ஆம் ஆண்டு ஆய்வேட்டையும் அருகருகே வைத்து, நோயாளிகளின் குறிப்புகள் கிடைக்கும் இடங்களிலெல்லாம் இந்தக் கேள்வியோடு படிக்கும் வேலை இன்னும் மீதமிருக்கிறது. அதை வங்காளிகள்தான் செய்ய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கூட்டுக்குடும்பமும் தாய்ப்பாசமும் சாதியும் பின்னிய வீடுகளில் வளர்ந்த தமிழ் மாணவர்கள், மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் கிடைக்கும் சான்றுகளைக்கொண்டு போஸின் முடிவை மறுக்கவும் செய்யலாம்.