பக்கத்து பெஞ்சில் இருக்கிறார் ஆசான்

(தலைப்பு: "வயது வந்தபின் படிப்பவருக்குப் பெரிதும் துணை நிற்பவர் ஆசிரியரா? உடன் படிப்பவரா?" 'உடன் படிப்பவரே' என்னும் அணியில் நிகழ்த்திய உரை)



எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு கேள்வி கேட்டார். "பேராசிரியர் ஐயா, நீங்களே ஒரு வாத்தியார். வாத்தியாரா இருந்துக்கிட்டு வாத்தியாருக்கு எதிராப் பேசலாமா? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் இல்லையா?" என்றார். ரெண்டகம் இல்லைங்க, இது வாக்குமூலம். (சிரிப்பு) வாத்தியாரால என்ன முடியாதுன்னு வாத்தியாருக்குத்தானே தெரியும்!

முதலில் தலைப்பை நன்றாகப் பாருங்கள். இது பிள்ளைகள் படிப்பு இல்லை. வயது வந்தவர் படிப்பு. ஆறு வயசுப் பிள்ளை 'அ'னாவைத் தலைகீழா எழுதினா, அது அழகு. எடுத்து முத்தம் கொடுப்போம். நாற்பது வயசுக்காரர் எழுதினா? அவருக்கு அது அவமானம். பிள்ளைக்குச் சோறூட்டி, சட்டை மாட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப ஆள் இருக்கு. இவங்களோ, வீட்டுல அத்தனை பேருக்கும் சோறாக்கிப் போட்டுட்டு, ஊரே தூங்குற நேரத்துல புத்தகத்தை விரிக்கணும். பாடத்தில் வருகிற சந்தேகத்தை ஆசிரியர் தீர்த்துவிடுவார். ஒத்துக்கொள்கிறேன். "இந்த வயசுல நமக்கு எதுக்கு இது?" என்று மனசுக்குள்ளே வருகிறதே ஒரு சந்தேகம், அதை யார் தீர்ப்பார்?

நடந்த கதை ஒன்று சொல்கிறேன். 2000ஆம் ஆண்டு வாக்கில், அஞ்சல்வழிக் கல்வி மாணவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். பி.லிட். வகுப்பு. முன் பெஞ்சிலே ஒரு பஸ் கண்டக்டர், ஒரு நர்ஸம்மா, ஒரு சத்துணவு அமைப்பாளர் அம்மா. அந்த அமைப்பாளர் அம்மாவுக்கு நாற்பது வயசுக்கு மேல இருக்கும். பிளஸ் டூ முடிச்ச கையோட கல்யாணம். இருபது வருஷம் கழிச்சு மறுபடியும் புத்தகத்தைத் தொட்டிருக்காங்க.

அன்றைக்கு யாப்பு. தேமா, புளிமா நடத்துகிறேன். அந்த அம்மாவை எழுப்பி, ஒரு சீரை அலகிடச் சொன்னேன். நின்றார்கள், பேச்சு வரவில்லை. எனக்கு அப்போது முப்பது வயசு. புது டாக்டர் பட்டம், புதுக் கொம்பு. "ஏம்மா, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?"னு கேட்டுட்டேன். வகுப்பே சிரித்தது. அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. நான் என்ன செய்தேன்? வருகைப் பதிவேட்டிலே 'ஆப்சென்ட்' போட்டேன். ஐயா, ஆசிரியரால செய்ய முடிஞ்சது அவ்வளவுதான். எதிரணி நண்பர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். (கைதட்டல்)

மூன்றாவது வாரம் அந்த அம்மா வந்தார்கள். தானாக வரவில்லை. கண்டக்டரும் நர்ஸம்மாவும் பஸ் ஏறி அவர்கள் கிராமத்துக்கே போயிருக்கிறார்கள். விட்டுப்போன பாடத்தின் நோட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து கண்டக்டர் சொன்னாராம்: "அக்கா, நீங்க ஒருநாள்தான் முழிச்சீங்க. நான் இந்த யாப்புப் பேப்பர்ல மூணு தடவை ஃபெயில். நானே கூச்சப்படாம வர்றேன், உங்களுக்கு என்ன?"

பாருங்க, இதை நான் சொல்ல முடியுமா? தோற்றவன் சொன்னால்தான் அது ஆறுதல். ஜெயிச்சவன் சொன்னா அது உபதேசம்!

அதோடு விட்டாரா? பாடமும் நடத்தினார். எப்படி? "அக்கா, நேரசைன்னா ஒரு விசில். வண்டி நிக்கும். நிரையசைன்னா ரெண்டு விசில். வண்டி கிளம்பும். தேமாங்கிறது நேர், நேர். ஒரு ஸ்டாப்பிங், இன்னொரு ஸ்டாப்பிங். புளிமாங்கிறது நிரை, நேர். ரெண்டு விசில், கிளம்பிட்டோம். ஒரு விசில், நின்னுட்டோம்." (பலத்த சிரிப்பு) நான் யாப்பிலே ஆராய்ச்சி பண்ணினவன். இந்த விசில் என் மூளைக்கு எட்டவே இல்லையே!

எதிரணி நண்பர் கேட்டார், "தெரியாதவன் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுத்தால் ரெண்டு பேரும் கெட மாட்டார்களா?" என்று. கேளுங்கள். அந்த வருஷம் அந்த அம்மா மட்டும் தேறவில்லை. மூன்று தடவை கோட்டை விட்ட கண்டக்டரும் தேறினார். எப்படின்னு கேட்டேன். "சார், அக்காவுக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் எனக்கே புரிஞ்சுச்சு" என்றார்.

இதை நான் புதுசாகச் சொல்லவில்லை. 13ஆம் நூற்றாண்டிலே பவணந்தி முனிவர் நன்னூலிலே கணக்கே போட்டுவிட்டார். ஆசிரியர் சொல்வதை ஒழுங்காகக் கேட்டால் வருவது கால் பங்கு. உடன் படிப்பவரோடு பழகிப் பேசுவதால் வருவது இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கு? தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருகிறது. நடுவர் அவர்களே, கூட்டிப் பாருங்கள். ஆசிரியருக்குக் கால், எங்கள் அணிக்கு முக்கால்! (கைதட்டல்)

இன்னும் ஒன்று. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் பாடினவர் யார்? பனம்பாரனார். அவர் தொல்காப்பியரோடு ஒன்றாகப் படித்த ஒருசாலை மாணாக்கர் என்பது நம் மரபு. குரு அகத்தியர் என்று சொல்கிறார்கள். ஆனால் நூலை உலகத்துக்கு அறிமுகம் செய்தவர் கூடப் படித்தவர்!

மூன்று பேர் கதை ஊருக்கெல்லாம் பொருந்துமா என்று கேட்கலாம். ஒரு மாவட்டத்தையே காட்டுகிறேன். 1991இல் புதுக்கோட்டையிலே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். கல் உடைக்கிற பெண்கள், வயலிலே நாற்று நடுகிற பெண்கள், பகலெல்லாம் வேலை செய்துவிட்டு ராத்திரியிலே சிலேட்டோடு உட்கார்ந்தார்கள். சொல்லிக் கொடுத்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். அதே ஊர்ப் பையன்கள், பெண்பிள்ளைகள். எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கற்றவர்கள் மற்றவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். ஒருத்தி மட்டும் ஓட்டியிருந்தால் ஊர் கேலி பேசி வீட்டுக்குள் தள்ளியிருக்கும். ஊர்ப் பெண்கள் கூட்டமாக ஓட்டியபோது கேலி பேசின வாய் அடங்கிவிட்டது. சைக்கிள் படிக்கும்போது எது ஐயா முக்கியம்? பின்னாலே சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிற கை!

ஆசிரியரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கு எனக்கே வேலை போய்விடும். (சிரிப்பு) வழி காட்ட ஆசிரியர் வேண்டும். ஆனால் நடுவழியிலே கால் வலித்து உட்கார்ந்துவிட்டால், தூக்கிவிடப் பக்கத்திலே நடந்து வருகிறவர்தான் வேண்டும்.

கதையை முடித்துவிடுகிறேன். தேர்வு முடிவு வந்ததும் அந்த அம்மா லட்டுப் பெட்டியோடு வந்தார்கள். "அன்னைக்கு அப்படிக் கேட்டது என் தப்புதாம்மா, மன்னிச்சிருங்க"ன்னேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்கள்: "பரவாயில்லை சார். ஒத்தையில உட்கார்ந்து படிச்சா, இந்த வயசுல எதுக்குன்னு எனக்கும்தான் தோணுச்சு. மூணு பேராச் சேர்ந்தப்புறம் வயசு ஞாபகமே வரலை."

தாய்மார்களே, உங்கள் வீட்டிலே, அடுத்த வீட்டிலே, விட்ட படிப்பைத் தொட வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால், புத்தகம் வாங்கிக் கொடுங்கள், பணம் கட்டுங்கள். அதோடு, அவர்களோடு சேர்ந்து படிக்க இன்னொருவரையும் தேடிக் கொடுங்கள். அப்போதுதான் அந்தப் புத்தகம் பரணுக்குப் போகாது.

ஆகவே நடுவர் அவர்களே, நீங்களும் ஒரு காலத்தில் மாணவராக இருந்தவர். பக்கத்து பெஞ்சு நண்பரை மனத்திலே நினைத்துக்கொண்டு, உடன் படிப்பவரே என்று நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் எனக் கேட்டு அமர்கிறேன்.