தாலியும் தாளும்

(கோவண்டியில் நடைபெற்ற நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் திருமணம். மாலை, மேளம், பந்தி பற்றிப் பேச வரவில்லை. அதெல்லாம் முடிந்த பிறகு சர்க்கார் கேட்கின்ற தாளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதைப் பேச வேண்டிய அவசியம் நம் வட்டாரத்திலேயே வந்துவிட்டது.

நம் கோவண்டி ஸ்டேஷனில் இறங்கி தேவனார் பக்கம் நடந்தால் இரண்டு பெரிய கல்வி நிலையங்கள் உள்ளன. ஒன்று, 1936-இல் தொடங்கப்பட்ட டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். மற்றொன்று, 1956-இல் தொடங்கப்பட்ட மக்கள்தொகை ஆய்வு நிறுவனம். பிந்தியது பெயரிலேயே பன்னாட்டு நிறுவனம். ஆசிய நாடுகள் பலவற்றிலிருந்தும் அங்கே படிக்க வருகிறார்கள். இந்த மாநகரின் மற்றக் கல்லூரிகளுக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். வருகின்ற இடத்தில் மனம் ஒன்றுபடுவதும், மணம் முடிக்க நினைப்பதும் இயற்கை. அதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

சில வாரங்களுக்கு முன் நம் சங்கத்துக்கு ஒரு குடும்பம் வந்தது. பையன் நம் வட்டாரத்துப் பிள்ளை. பெண் மட்டக்களப்பிலிருந்து முறையாக விசா பெற்று மும்பையில் படிக்க வந்தவர். படிப்பு முடியப்போகிறது, விசாவும் முடியப்போகிறது. திருமணத்தைத் தை மாதம் திருநெல்வேலிச் சீமையில் உள்ள சொந்த ஊரில் வைக்கலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். நடுவில் இரண்டு மாதம் இடைவெளி. அந்த இரண்டு மாதத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். பையனின் தகப்பனார் சொன்னார்: “கல்யாணம் ஆகிட்டா அவ நம்ம வீட்டுப் பொண்ணு. அப்புறம் எவன் கேக்கப் போறான்?”

அந்தப் பெரியவரின் நல்ல மனத்தை நாங்கள் வணங்குகிறோம். ஆனால் அவர் சொன்னது சட்டப்படி தவறு. தாள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? 1976-இல் மராட்டிய அரசு குடிசைகளைக் கணக்கெடுத்து போட்டோ பாஸ் கொடுத்தது. பாஸ் இருந்தவனுக்கு ஒரு நியாயம், இல்லாதவனுக்கு ஒரு நியாயம் என்று இருந்ததை நம்மில் மூத்தவர்கள் கண்ணால் கண்டவர்கள். ஒரே சந்து, ஒரே குழாய், ஒரே சாக்கடை. ஆனால் பாஸ் வேறு. குடியுரிமையிலும் கதை அதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, இந்தியக் குடிமகனை மணந்த பெண் குடியுரிமைக்குப் பதிவு செய்துகொள்ளலாம் என்றது. பெண்ணுக்கு மட்டும்தான், இந்தியப் பெண்ணை மணந்த ஆணுக்கு அந்த வழி இல்லை. 1986-இல் திருத்தினார்கள். ஆணும் பெண்ணும் சமம் என்றார்கள்; கூடவே ஐந்து ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்றார்கள். 2003-இல் மறுபடி திருத்தி, 2004 டிசம்பர் 3 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஐந்து ஆண்டு ஏழு ஆண்டாயிற்று. விண்ணப்பிப்பதற்கு முந்திய பன்னிரண்டு மாதம் இந்தியாவிலேயே இருந்திருக்க வேண்டும். அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளில் ஆறு ஆண்டுகளாவது இருந்திருக்க வேண்டும். சொந்த நாட்டுக் குடியுரிமையைத் துறப்பதாகவும் உறுதி தரவேண்டும்.

ஆகவே தாலி ஏறிய அன்றே யாரும் இந்தியர் ஆகிவிடுவதில்லை. ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். இது கூடப் பரவாயில்லை, காத்திருக்கலாம். அதே திருத்தத்தில் இன்னொரு சொல்லை நுழைத்தார்கள். ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற சொல். அப்படிப்பட்டவர் இந்தப் பிரிவின் கீழ் விண்ணப்பிக்கவே முடியாது. யார் அவர்? பாஸ்போர்ட் முதலான செல்லுபடியாகும் தாள் இல்லாமல் வந்தவர். அல்லது, தாளோடு வந்து, அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கிவிட்டவர். நன்றாகக் கவனியுங்கள்: இரண்டாவது வகையில் நம் மட்டக்களப்புப் பெண்ணும் விழுந்துவிடலாம். விசா முடிந்து, நீட்டிக்காமல், தை பிறக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தால் போதும்.

பிள்ளைகளின் நிலையும் இதோடு சேர்ந்தது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்த மண்ணில் பிறந்த குழந்தை, பெரும்பாலும் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1987 ஜூலை 1 முதல், தாய் தந்தையரில் ஒருவராவது குடிமகனாக இருக்கவேண்டும் என்றார்கள். 2004 டிசம்பர் 3 முதல், ஒருவர் குடிமகனாக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது என்றார்கள். தாய் விசாவைப் புதுப்பிக்காத நிலையில் குழந்தை பிறந்தால், தந்தை பரம்பரை பரம்பரையாக இந்தியனாக இருந்தாலும் குழந்தையின் குடியுரிமை கேள்விக்குரியதாகிவிடும். ஒரு தாளைப் புதுப்பிக்க மறந்த குற்றம், பிறக்காத பிள்ளையின் தலையில் விழுகிறது.

எனவேதான் அந்தக் குடும்பத்துக்கு நாங்கள் சொன்னதை உங்கள் எல்லோருக்கும் சொல்கிறோம்.

முதலாவது, திருமணத்தை முதலில் பதிவு செய்யுங்கள். விருந்தைத் தை மாதம் வைத்துக்கொள்ளுங்கள். 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மணமக்களில் ஒருவர் அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் வசித்திருந்தால் பதிவாளரிடம் அறிவிப்புக் கொடுக்கலாம். அதன்பின் 30 நாள் ஆட்சேபணைக் காலம். பிறகு மூன்று சாட்சிகள் முன்னிலையில் திருமணம். சாதி, மதம், நாடு எதுவும் குறுக்கே நிற்காது. அந்தச் சான்றிதழே முடிவான ஆதாரம். நம்மில் பலர் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-இல் சட்டமன்றத்தில் நிறைவேறிய அந்தத் திருத்தம் தமிழ்நாட்டுக்கு உரியது. மராட்டியத்தில் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

இரண்டாவது, விசா முடிவதற்கு முன்பே வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு விண்ணப்பம் போகவேண்டும். திருமணம் பதிவானபின், மாணவர் விசாவை, குடிமகனின் துணைவருக்குத் தரப்படும் நுழைவு விசாவாக மாற்றக் கேட்கலாம். விசாரணை வரும், வீட்டுக்கு ஆள் வருவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. இதற்கெல்லாம் இப்போது இணைய வழியிலேயே விண்ணப்பிக்கலாம். ‘நான் முடித்துத் தருகிறேன்’ என்று வரும் ஏஜெண்டுகளுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுக்காதீர்கள். தாளுக்காகப் பொய்த் திருமணம் செய்துவைக்கிறேன் என்று எவனாவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். மோசடியால் பெற்ற குடியுரிமையைப் பறிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

மூன்றாவது, பதிவான திருமணம் இரண்டு ஆண்டு தொடர்ந்து நிலைத்திருந்தால், கடல்கடந்த இந்தியக் குடிமகன் அட்டைக்கு வெளிநாட்டுத் துணைவர் விண்ணப்பிக்கலாம். 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் இதைச் சட்டத்தில் சேர்த்தது. பாகிஸ்தான், வங்கதேச வழிவந்தவர்களுக்கு இது கிடையாது. இலங்கையருக்கு அந்தத் தடை இல்லை. பெயரில்தான் குடிமகன், வாக்குரிமை இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. மணமுறிவு ஏற்பட்டால் அட்டையும் பறிபோகலாம். ஆனால் அடிக்கடி விசாவுக்கு அலைய வேண்டியதில்லை. ஏழாண்டு நிறையும்வரை கைகொடுக்கும்.

தோழர்களே, நம் பிள்ளைகளும் அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறார்கள். அங்கே சட்டம் எப்படி? மாணவராக முறையாக நுழைந்தவர் அமெரிக்கக் குடிமகனை மணந்தால், விசாக் காலம் தாண்டியிருந்தாலும் பொதுவாக அந்நாட்டில் இருந்தபடியே நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். திருமணமாகி இரண்டு ஆண்டு ஆகாவிட்டால் முதலில் நிபந்தனையோடு தருவார்கள். நிரந்தர வசிப்புரிமை கிடைத்து மூன்று ஆண்டு துணைவரோடு வாழ்ந்தபின் குடியுரிமை கேட்கலாம். அங்கேயும் எல்லையைத் திருட்டுத்தனமாகத் தாண்டியவருக்கு இந்த வழி எளிதில் திறப்பதில்லை. ஆனால் வாசல் வழியாக வந்தவரின் தாமதத்தைத் திருமணத்தின் பொருட்டு மன்னிக்கிறார்கள். நம் சட்டத்தில் அந்த மன்னிப்பைக் காணோம்.

இதுவரை சொன்னது விமானத்தில் விசாவோடு வந்தவர் கதை. இனிப் படகில் வந்தவர் கதையைக் கேளுங்கள்.

நம் சந்தில் வளர்ந்த ஒரு பெண்ணைத் தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டி முகாமைச் சேர்ந்த ஓர் இளைஞருக்கு மணமுடித்துக் கொடுத்தார்கள். பெண் இந்தியக் குடிமகள். மாப்பிள்ளை 1990-இல் கைக்குழந்தையாகத் தாயின் இடுப்பில் மண்டபத்தில் வந்து இறங்கியவர். குண்டுக்குத் தப்பி ஓடிவந்த தாயிடம் பாஸ்போர்ட் எங்கே இருக்கும்? அன்று முதல் அரசின் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. அரசு கொடுத்த வீட்டில் இருக்கிறார். ஆயினும் குடியுரிமைச் சட்டத்தின் கண்ணில் அவர் ‘சட்டவிரோதக் குடியேறி’. இந்தியப் பெண்ணை மணந்து ஏழு ஆண்டல்ல, எழுபது ஆண்டு வாழ்ந்தாலும் அந்த வழி மூடியே கிடக்கிறது. அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். இருவரும் 2004-க்குப் பின் பிறந்தவர்கள். தாய் இந்தியர், பிள்ளைகள் பிறப்பால் இந்தியர் இல்லை என்கிறது சட்டத்தின் எழுத்து. இங்கே கோவண்டியில் இருக்கும் பாட்டி எங்களைக் கேட்டார்: “எம் பேரன் எந்த ஊர்க்காரன்னு சொல்லுங்க.” எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 50,000-க்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். 2021-இல் தமிழ்நாடு அரசு முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. நல்லது. 2025 செப்டம்பரில் புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. அதையும் வரவேற்கிறோம். ஆனால் குடியுரிமைச் சட்டத்தில் உள்ள அந்த ஒற்றைச் சொல் அப்படியே நிற்கிறது. 2019-இல் சட்டத்தைத் திருத்தி, பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு மதத்தாரை மட்டும் அந்தச் சொல்லிலிருந்து விடுவித்தார்கள். இலங்கையிலிருந்து வந்த தமிழனை விட்டுவிட்டார்கள். இந்தப் பாகுபாட்டுக்கு என்ன நியாயம்?

முகாமில் இருப்போரில் பலர் மலையகத் தமிழர். வெள்ளையன் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோன நம் உழைப்பாளிகளின் வழிவந்தவர்கள். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். மக்களைக் கேட்காமல் ஆட்சியாளர்கள் போட்ட கணக்கு அது. அந்தக் கணக்கில் விடுபட்டவன்தான் இன்று முகாமில் நிற்கிறான்.

வழியே இல்லையா? சிறு வழிகள் உண்டு. 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர்கள் பிறப்பாலேயே இந்தியர்கள். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. 2022-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்குப் பாஸ்போர்ட் வழங்க ஆணையிட்டது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அப்படிப்பட்டவர்கள் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுக்கவேண்டும். பிள்ளைகளுக்கு, 5-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு இருக்கிறது. சிறப்புச் சூழ்நிலை இருந்தால் எந்த மைனரையும் குடிமகனாகப் பதிவு செய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் உட்பிரிவு அது. கேட்டால் கிடைத்தே தீரும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்க மாட்டோம். ஆனால் கேட்காமல் இருக்கக் கூடாது. அந்தப் பாட்டியின் பேரப்பிள்ளைகளுக்காக இந்த விண்ணப்பத்தை நம் சங்கம் எழுதிக் கொடுக்கும்.

நம் கோரிக்கை எளியது. அரசிடம் பதிவு செய்துகொண்ட அகதியைச் சட்டவிரோதக் குடியேறி என்று சொல்லாதே. இந்தியரை மணந்தவர்களுக்கு உள்ள உரிமையை அவர்களுக்கும் கொடு. தாயோ தந்தையோ இந்தியராக இருந்தால் பிள்ளையை இந்தியன் என்று ஒப்புக்கொள். இந்த மூன்றையும் எழுதித் தீர்மானமாக இன்று உங்கள் முன் வைக்கிறோம். கையெழுத்துப் போடாமல் யாரும் வீடு திரும்ப வேண்டாம்.

கடைசியாக ஒன்று. அந்த மட்டக்களப்புப் பெண்ணும் பையனும் பதிவு அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுத்துவிட்டார்கள். விசாவை நீட்டிக்கவும் விண்ணப்பம் போயிருக்கிறது. தை மாதம் ஊரில் விருந்து. தகப்பனார் நம் எல்லோரையும் அழைக்கச் சொன்னார்.